சாலைத் திட்டம் தாமதித்தால்

சாலை அகலமாகப் போகிறது என்ற செய்தி ஓர் ஊருக்கு வந்தவுடன் இருவகைப்பட்ட அங்கத்தினர் நம் சங்கத்தின் படியேறுகின்றனர். ஒருவர், "இனி மாலையில் சரக்கை ஏற்றினால் விடியுமுன் சென்னையில் இருக்கும்" என்று மகிழ்பவர். மற்றவர், "என் கிணறு கோட்டிற்குள் வருகிறதாமே, தென்னம்பிள்ளை வைக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்பவர். முன்னவருக்கு மறுமொழி கூறுவது எளிது. பின்னவருக்கு மறுமொழி கூறச் சட்டமும் ஓரளவு தெரிந்திருத்தல் வேண்டும். சர்க்கார் காரியங்கள் நடைபெறும் வேகமும் தெரிந்திருத்தல் வேண்டும். சாலைத் திட்டம் ஒன்று எவ்வாறு உருவாகிறது, எங்கெங்கே தடைபட்டு நிற்கிறது, அவ்வாறு நிற்கும் காலத்தில் குடியானவருக்கும் நெசவாளருக்கும் என்ன நேர்கிறது என்பவற்றை இங்கே விளக்க முயல்கிறோம்.

நாம் நல்ல சாலையை வேண்டுபவர்களே என்பதை முதலிற் சொல்லிவிடுகிறோம். இராசிபுரம் வட்டாரத்தில் விளையும் மரவள்ளிக் கிழங்கு, தோண்டிய ஓரிரு நாளில் ஆலையைச் சேர வேண்டும். கிழங்கிலுள்ள மாவுச்சத்தை அளந்து 'பாயிண்ட்' கணக்கில் விலை போடுகின்றனர் ஆதலின், வண்டி வழியில் நின்ற ஒவ்வொரு நாளும் விளைவித்தவர் பையிலிருந்து போகும் பணமே. அக்கிழங்கு ஜவ்வரிசியாகவும் மாவாகவும் ஆன பின்னர், 1981-ஆம் ஆண்டு முதல் ஆலைக்காரர்களின் கூட்டுறவாக இயங்கிவரும் சேலம் சேகோசர்வ் சங்கத்தின் வழியாக வெளி மாநிலங்களுக்குச் செல்கிறது. பட்டுக்கூடும் இத்தகையதே. கூட்டினுள் இருக்கும் புழு அந்துப்பூச்சியாகி வெளிவருமுன் அங்காடியில் விற்றுத் தீர்த்தாக வேண்டும். நெசவாளருக்கோ நூலும் சரிகையும் உரிய காலத்தில் வர வேண்டும். நெய்த சேலையும் வேட்டியும் பண்டிகைக்கு முன் கடைவீதியை அடைய வேண்டும். தீபாவளி கழிந்து போய்ச் சேர்ந்த சேலையின் கதி என்னவென்பதை அங்கத்தினருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நம் ஊரைத் தொடும் வழிகளைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். மேற்கே ஆண்டகளூர் கேட்டில் சேலம்–நாமக்கல் பெருஞ்சாலை செல்கிறது. முன்னர் இது தேசிய நெடுஞ்சாலை 7 எனப்பட்டது. 2010-ஆம் ஆண்டின் எண் மாற்றத்திற்குப் பின் 44 ஆயிற்று. மல்லியக்கரையில் தொடங்கி இராசிபுரம், திருச்செங்கோடு வழியாக ஈரோடு செல்வது மாநில நெடுஞ்சாலை 79. மோகனூரில் தொடங்கி நாமக்கல், சேந்தமங்கலம் வழியாக நம் ஊரை அடைவது மாநில நெடுஞ்சாலை 95. நாமகிரிப்பேட்டை மஞ்சளும் நம் பட்டும் சென்னை செல்ல வேண்டுமாயின், மல்லியக்கரை வழியே ஆத்தூரை அடைந்து, அங்கே சேலம்–உளுந்தூர்பேட்டைச் சாலையைப் பிடிப்பது ஒரு வழி.

அந்த உளுந்தூர்பேட்டைச் சாலையே திட்டமிடுதலில் நேரும் குறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதனை நான்கு வழியாக்கினார்கள். ஆனால் வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி முதலிய ஊர்களின் புறவழிகளை மட்டும் இருவழியாகவே விட்டுவிட்டார்கள். நான்கு வழியில் விரைந்து வரும் வண்டி, ஊர் நெருங்கியவுடன் குறுகிய வழிக்குள் புகுகிறது. நடுவே தடுப்பும் இல்லை. எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைப் பறிக்கிறது. அப்புறவழிகளில் நேர்ந்த விபத்துகளைப் பற்றி அப்பகுதி மக்கள் பல ஆண்டுகள் முறையிட்டனர். அதன் பின்னரே அவற்றையும் அகலப்படுத்துவதென முடிவாயிற்று. முதலிலேயே சேர்த்துப் போட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைவிடப் பின்னர் ஆகும் செலவு அதிகம். போன உயிர்கள் எந்தக் கணக்கிலும் வாரா.

இனி, நம் பகுதியில் யாவரும் அறிந்த பெரிய திட்டத்திற்கு வருவோம். சேலம்–சென்னை எட்டு வழிச் சாலை 2018-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. மத்திய அமைச்சரவை 2017 அக்டோபரில் ஒப்புதல் அளித்த பாரத்மாலா திட்டத்தின் கீழ் அது வந்தது. நீளம் 277 கிலோமீட்டர். மதிப்பீடு சுமார் 10,000 கோடி ரூபாய். தேவைப்பட்ட நிலம் ஏறத்தாழ 1,900 எக்டேர். அந்நாளைய காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் வழியே அது செல்லவிருந்தது. நம் பக்கத்து முனை, சேலத்தையடுத்து கோவைச் சாலையிலுள்ள அரியானூர். பயண நேரம் பாதியாகக் குறையும் என்றார்கள். பழைய சாலையை அகலப்படுத்துவதன்று இது. வயலிலும் தோப்பிலும் காட்டிலும் புதிதாக வெட்டுவது.

2018 ஜூன் மாதத்தில் அளவைக்காரர்கள் போலீசுடன் வந்து கல் நட்டனர். பூலாவரி, குப்பனூர், அச்சாங்குட்டப்பட்டி போன்ற சேலத்துக் கிராமங்களின் பெயர் அந்நாட்களில் பத்திரிகைகளில் அடிபட்டது. நிலத்தைப் பறிகொடுக்கவிருந்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். நீதியரசர்கள் டி. எஸ். சிவஞானமும் வி. பவானி சுப்பராயனும் 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி தீர்ப்பளித்து, நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்துச் செய்தனர். பாரத்மாலாவின் முதற் பட்டியலில் சென்னை–மதுரைத் தடம் இருக்க, அதற்குப் பதிலாகச் சென்னை–சேலம் எவ்வாறு வந்தது என்ற வினா அவ்வழக்கில் முக்கியமாயிற்று. சுற்றுச்சூழல் அனுமதி முதலில் பெறப்பட்டிருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கருதியது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி அங்கே தீர்ப்பு மாறியது. நிலமெடுக்கும் எண்ணத்தை வெளியிடுவதற்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற்றாக வேண்டும் என்பதில்லை. வேலை தொடங்குமுன் பெற்றால் போதும் என்று கூறி, அறிவிக்கைகளை அது நிலைநிறுத்தியது. ஆனால் ஒன்றில் இரு நீதிமன்றங்களும் ஒத்திருந்தன. நிலமெடுப்பு நிறைவேறுமுன் வருவாய்ப் பதிவேடுகளில் உடைமையாளர் பெயரை மாற்றியது தவறு என்பதே அது. பழைய பெயர்கள் மீட்கப்பட வேண்டும் என்று ஆயிற்று.

தீர்ப்பிற்குப் பின் சாலை வந்ததா? வரவில்லை. நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அச்சாலைக்காக ஒரு கூடை மண்ணும் கொட்டப்படவில்லை. வேண்டும் என்றவருக்கும் சாலை கிடைக்கவில்லை. வேண்டாம் என்றவருக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. இவ்விரண்டாவது நிலையைத்தான் அங்கத்தினர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஏனெனில் நாளை நம் மாநிலச் சாலை ஒன்றையோ ஆண்டகளூர் கேட்டுப் பெருஞ்சாலையையோ அகலப்படுத்த முற்படுங்கால் அதுவே நமக்கும் நேரலாம்.

கோட்டிற்குள் வந்துவிட்ட நிலம் எவ்வாறு முடங்குகிறது? மூன்று ஏக்கர் தோட்டமும் ஒரு கிணறும் உடைய ஒரு குடியானவரை எண்ணிக் கொள்வோம். அறிவிக்கையில் அவருடைய புல எண் வந்துவிட்டது. மகளுக்குத் திருமணம், அரை ஏக்கரை விற்க நினைக்கிறார். வாங்க வந்தவர் ஊருக்குள் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போகிறார். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் அறிவிக்கை நிலையிலேயே விற்பனையை வெளிப்படையாகத் தடுக்கிறதா என்பது வக்கீல்கள் வாதிட வேண்டிய செய்தி. வாங்குபவர் அந்த வாதத்திற்காகக் காத்திருப்பதில்லை. கிணற்றை ஆழப்படுத்தக் கடன் கேட்கிறார். கடன் கொடுப்பவர், அடமானமாக வரும் நிலம் நிலைக்குமா என்று ஐயுறுகிறார். நம் சங்கத்து நிர்வாகக் குழுவில் இருப்பவர்களும் அந்த இடத்தில் அவ்வாறே ஐயுறுவர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை, அது அங்கத்தினரின் பணம். ஆகவே நீண்ட காலப் பயிர் நின்றுபோகிறது. தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். மல்பெரித் தோட்டம் ஒருமுறை நட்டால் பத்தாண்டுகளுக்கு மேலும் தழை தரும். நாளை இருக்குமா என்று தெரியாத நிலத்தில் எவர் இவற்றை வைப்பார்? சோளமும் நிலக்கடலையும் போட்டு, அடுத்த ஆண்டு பார்த்துக் கொள்ளலாம் என்று இருந்துவிடுவார். புழு வளர்ப்பு மனை கட்ட எடுத்து வைத்த பணம் வேறு வழியில் செலவாகிவிடும். இவ்வாறு நாலைந்து ஆண்டுகளில் தோட்டத்தின் தரமே இறங்கிவிடும். இதற்கென்று எந்த அதிகாரியும் இழப்பீடு கணக்கிடுவதில்லை.

இங்கிலாந்தில் இந்நிலைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பயிரைத் தாக்கும் கருகல் நோய்க்கு அங்கே வழங்கும் சொல்லையே இதற்கும் வழங்குகிறார்கள். திட்டம் தந்த கருகல் என்று கொள்ளலாம். பெயர் வைத்ததோடு நின்றுவிடவில்லை. சாலைக் கோட்டிற்குள் அகப்பட்டு, நியாயமான விலைக்கு விற்க இயலாமற்போன வீட்டையோ பண்ணையையோ வாங்கிக் கொள்ளுமாறு, அதில் குடியிருந்து உழும் உடைமையாளரே அதிகாரிகளுக்கு அறிவிப்புக் கொடுக்கலாம். 1990-ஆம் ஆண்டின் நகர நாட்டுப்புறத் திட்டச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. நம் நாட்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில் அத்தகைய உரிமை இல்லை. ஆனால் காலவரம்பு என்ற வேறொரு பாதுகாப்பு உண்டு.

தேசிய நெடுஞ்சாலைகளுக்குரிய 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதலில் வருவது 3ஏ அறிவிக்கை. நிலத்தை எடுக்கும் எண்ணம் அதில் வெளியிடப்படும். அதன் சாரத்தை இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் போட வேண்டும். ஒன்று நம் மொழியில் இருக்க வேண்டும். வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள், நிலத்தில் உரிமையுடையவர் எழுத்து மூலமாக ஆட்சேபம் தெரிவிக்கலாம். தகுதியுடைய அதிகாரி அவரை நேரிலோ வக்கீல் மூலமோ கேட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும். அடுத்தது 3டி பிரிவின்படியான பிரகடனம். அது வெளியானவுடன் நிலம் வில்லங்கமின்றி மத்திய அரசைச் சேர்ந்துவிடும். 3ஏ அறிவிக்கை வெளியாகி ஓராண்டிற்குள் 3டி பிரகடனம் வராவிட்டால், முன்னது செயலற்றுப் போகும். நீதிமன்றத் தடையில் கழிந்த காலம் மட்டும் இந்த ஓராண்டில் சேராது. ஆகவே, அறிவிக்கை வந்த தேதியை அங்கத்தினர் குறித்து வைத்துக் கொள்வது அவசியம். ஊரில் "கோடு போட்டாயிற்று" என்ற பேச்சு பத்தாண்டு கூட நீடிக்கும். அறிவிக்கையின் ஆயுள் அவ்வளவு நீளமன்று.

நகரங்களுக்கும் இது போன்ற விதி ஒன்று இருக்கிறது. நகராட்சி எல்லைக்குள், விரிவு அபிவிருத்தித் திட்டத்தில் சாலைக்கென ஒதுக்கப்பட்ட மனைகள் பல உண்டு. அவற்றில் வீடு கட்ட அனுமதி கேட்டால், திட்டச் சாலை என்று கூறித் திருப்பி விடுவர். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, மூன்றாண்டுக்குள் நிலமெடுக்கும் பிரகடனமோ உடன்படிக்கையோ ஏற்படாவிடில் அந்நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும் என்கிறது. இப்பிரிவைக் காட்டி நீதிமன்றத்தில் விடுதலை பெற்றவர் பலர். காட்டாதவர் காத்துக்கொண்டே இருக்கின்றனர்.

மாநில நெடுஞ்சாலைகளுக்கு 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் பொருந்தும். அது தனி வரலாறு. 2013-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் புதிய நிலமெடுப்புச் சட்டத்தை இயற்றியபோது, பழைய மாநிலச் சட்டங்கள் அதற்கு முரண்படுகின்றன என்ற வழக்கு எழுந்தது. 2019 ஜூலை 3-ஆம் தேதி, இந்த நெடுஞ்சாலைச் சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களைச் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் அவற்றுக்கு மீண்டும் உயிரளிக்கும் சட்டமொன்றைக் கொண்டுவந்தது. அதனை உச்சநீதிமன்றம் 2021 ஜூன் 29-ஆம் தேதி ஏற்றது. இவ்விரண்டாண்டு இடைவெளியில் மாநிலத்தில் எத்தனை சாலைக் கோப்புகள் மேசையிலேயே உறங்கியிருக்கும் என்பதை அங்கத்தினரே ஊகித்துக் கொள்ளலாம்.

இழப்பீட்டிற்கு வருவோம். இதில் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டியது ஒன்றிருக்கிறது. 2015-ஆம் ஆண்டு முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இழப்பீட்டு முறையே பின்பற்றப்படுகிறது. சந்தை மதிப்பைக் கண்டு, நாட்டுப்புறமாயின் அதனை ஒன்று முதல் இரண்டு வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்கி, மரம், கிணறு, கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைச் சேர்த்து, அதன்மேல் ஆறுதல் தொகையாக நூற்றுக்கு நூறு கூட்டுவர். கேட்பதற்குப் பெருந்தொகையாகத் தோன்றும். ஆயினும் எல்லாம் முதலில் எடுக்கும் சந்தை மதிப்பைப் பொறுத்தன. அந்த மதிப்பு, சார்பதிவாளர் அலுவலகத்தின் வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்றாண்டில் பதிவான கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி, இவ்விரண்டில் எது உயர்வோ அது. மதிப்பிடும் நாளோ, 3ஏ அறிவிக்கை வெளியான நாள்.

இப்போது நம் வழக்கத்தைப் பாருங்கள். ஏக்கர் இருபது லட்சத்திற்கு வாங்கிய நிலத்தை, முத்திரைத்தாள் செலவிற்கு அஞ்சி, ஐந்து லட்சத்திற்குக் கிரயம் எழுதிக் கொள்கிறோம். ஊரே அவ்வாறு எழுதுகிறது. பின்னர் சாலை வருகிறது. அதிகாரி நம் ஊர்ப் பத்திரங்களையே எடுத்து நம் முன் விரிக்கிறார். நாமே கையொப்பமிட்ட விலை அது, மறுப்பதற்கு இடமேது? போதாக்குறைக்கு, 2017 ஜூன் மாதம் தமிழ்நாடு முழுவதும் வழிகாட்டி மதிப்பு 33 சதவிகிதம் குறைக்கப்பட்டது. வாங்குபவருக்கு அப்போது அது நற்செய்தி. மறு ஆண்டே அறிவிக்கைக்கு உள்ளானவர்களுக்கு அது நற்செய்தியன்று. தாமதமும் இங்கே தன் பங்கைச் செய்கிறது. அறிவிக்கை நாளின் மதிப்பு அப்படியே நிற்க, அடுத்த ஊரில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. சந்தை மதிப்பின்மேல் ஆண்டிற்கு 12 சதவிகிதம் சேர்த்துத் தரச் சட்டத்தில் வழியுண்டு எனினும், இழப்பீடு கைக்கு வந்த அன்று அதே பரப்புள்ள மாற்று நிலம் வாங்க அது போதுமா என்பது, அந்தந்த ஊரின் விலை ஏற்றத்தைப் பொறுத்தது. விதித்த தொகை போதாதென்று கருதுபவர், மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் முறையிடலாம்.

நெசவாளர் அங்கத்தினர், "இது தோட்டக்காரர் பாடு, நமக்கென்ன?" என்று எண்ணிவிடலாகாது. வீட்டிற்குள் குழித்தறி போட்டு நெய்பவருக்கு வீடே தொழிற்சாலை. சாலையோரத்து வீட்டின் முன்புறம் பத்தடி போனால், குடியிருப்பவருக்குத் திண்ணையும் முன்னறையும் போகும். நெசவாளருக்குத் தறியே போகும். குழித்தறியைத் தூக்கி வேறிடத்தில் வைக்க இயலாது. புதிதாகக் குழி வெட்டி, மரம் நிறுத்தி, பாவு பிணைத்து, நெய்யத் தொடங்கும் வரை கூலியும் இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கைவினைஞரை மறந்துவிடவில்லை. கைவினைஞர் குடும்பம் இடம்பெயர நேர்ந்தால், 25,000 ரூபாய்க்குக் குறையாத உதவி ஒரு முறை கிடைக்கும்.   பல ஆண்டாக ஓரிடத்தையே நம்பிப் பிழைத்தவரைப் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று சட்டம் ஒரு பிரிவில் ஏற்றுக் கொள்கிறது.  இவற்றை நம் போன்ற சங்கங்கள் எடுத்துச் சொல்லாவிடில் வேறெவர் சொல்வர்?

பாவடியையும் இங்கே கூற வேண்டும். பாவு நீட்டிக் கஞ்சி தேய்த்து உலர்த்தும் அவ்விடம், மதியத்திற்கு மேல் வரும் அளவைக்காரர் கண்ணுக்கு வெறும் புறம்போக்காகவே தெரியும். விடியற்காலையில் வந்திருந்தால் அங்கே நடக்கும் வேலையைக் கண்டிருப்பார். புறவழிக்கோ சுற்றுச் சாலைக்கோ இடம் தேடுபவர்கள், செலவில்லாமல் கிடைக்கும் நிலம் என்று அதன்மேல் கோடு இழுப்பது எளிது. பாவடிக்குப் பட்டா இல்லாததால் தனி ஒருவர் ஆட்சேபம் எழுப்புவதும் அரிது. ஊரும் சங்கமும் சேர்ந்தே எழுப்ப வேண்டும். அதுவும் தடம் தேர்ந்தெடுக்கும் நிலையிலேயே எழுப்ப வேண்டும்.

திட்டங்கள் ஏன் இவ்வளவு தாமதிக்கின்றன? ஒருவரை மட்டும் குற்றஞ் சாட்டுவது நியாயமாகாது. சாத்தியக்கூறு ஆய்வில் ஒரு தடம், விரிவான திட்ட அறிக்கையில் மற்றொரு தடம். இடையே காடு வந்தால் வனத்துறை. ஏரி வந்தால் நீர்வளத்துறை. மின்கம்பம் வந்தால் மின்வாரியம். நிலத்தின் செலவு ஏறியவுடன் மதிப்பீட்டைத் திருத்துகிறார்கள். திருத்திய மதிப்பீடு மேலிடத்து ஒப்புதலுக்காக மீண்டும் பயணம் போகிறது. தேர்தல் வந்தால் கோப்பு நிற்கிறது. மக்களைக் கேளாமல் அவசரமாகக் கோடு இழுத்த இடத்தில் வழக்கு வருகிறது. வழக்கில் கழியும் ஆண்டுகள், முதலில் கேட்டிருந்தால் செலவாகியிருக்கும் மாதங்களைவிட மிக அதிகம். எட்டு வழிச் சாலையின் கதையில் நாம் காண்பது பெரும்பாலும் இதுவே. மற்றொரு தீங்கும் உண்டு. அகலப்படுத்தப் போகிறோமே, இப்போது எதற்குச் செலவு என்று இருக்கும் சாலையின் பராமரிப்பைத் தள்ளி வைக்கிறார்கள். வரப்போகும் சாலையின் பெயரால் உள்ள சாலையில் குழி விழுகிறது. பால் வண்டிக்காரரும் முட்டை லாரிக்காரரும் பள்ளிக் குழந்தைகளும் அக்குழிகளில்தான் நாள்தோறும் சென்று வருகின்றனர்.

இவ்வளவும் கேட்ட பின் தென்னம்பிள்ளைக்காரர் தம் வினாவிற்கு விடை எங்கே என்பார். அவருக்குச் சொல்வது இதுவே. வாய்ப்பேச்சை நம்பித் தோட்டத்தைத் தரிசாகப் போட வேண்டாம். 3ஏ அறிவிக்கை வந்திருக்கிறதா, வந்திருந்தால் எந்தத் தேதி, அதில் நம் புல எண்ணும் உட்பிரிவும் எவ்வளவு பரப்பிற்குக் காட்டப்பட்டுள்ளன என்பதை அரசிதழில் பார்த்து உறுதி செய்து கொள்ளட்டும். வராத வரையில் நிலம் முழுவதும் அவருடையது, பிள்ளை வைக்கலாம். வந்து ஓராண்டு தடையின்றிக் கழிந்து, 3டி வரவில்லையாயினும் அவ்வாறே. வந்து காலம் ஓடிக்கொண்டிருந்தால், 21 நாள் கெடுவைத் தவற விடாமல் ஆட்சேபத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். நிலம் முழுவதையும் கொடுக்க மறுப்பவர் மட்டுமே ஆட்சேபிக்கலாம் என்பதில்லை. கிணற்றைத் தவிர்த்து இருபதடி தள்ளிப் போகலாம் என்பதும், பாசனக் குழாய் மறுபுறம் செல்லச் சாலைக்கடியில் வழி விட வேண்டும் என்பதும், மாட்டு வண்டி கடக்கச் சுரங்கப் பாதை வேண்டும் என்பதும் ஆட்சேபங்களே. இத்தகையவை ஏற்கப்படுவதும் உண்டு.

அதற்கு முன் வீட்டிலேயே செய்து வைக்க வேண்டிய வேலை இருக்கிறது. பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருந்தால் இவ்வாண்டே மாற்றிக் கொள்ளவும். கூட்டுப் பட்டாவாயின் உட்பிரிவு செய்து கொள்ளவும். இழப்பீட்டுத் தொகைக்குப் பலர் உரிமை கோரினால், யாருக்கு எவ்வளவு என்பதை அதிகாரி தீர்மானிக்க வேண்டியிருக்கும். தகராறு தீராவிடில் அது சிவில் நீதிமன்றத்திற்குப் போகும். அண்ணன் தம்பி வழக்கில் தொகை முடங்கிக் கிடக்க, நிலம் மட்டும் சாலைக்குப் போய்விடும். அடங்கலில் உண்மையில் விளைந்த பயிரே எழுதப்பட்டுள்ளதா என்று ஆண்டுதோறும் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்து நகல் வாங்கி வைக்கவும். மஞ்சள் போட்ட இடத்தில் தரிசு என்று இருந்தால் பின்னர் வாதாடிப் பயனில்லை. மரங்களின் எண்ணிக்கை, கிணற்றின் ஆழம், குழாயின் நீளம் ஆகியவற்றைக் குறித்து, படமும் எடுத்து வைப்பது நன்று. நெசவாளர் தம் அடையாள அட்டை, சங்கத்துப் பாவுக் கணக்கு, கூலிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றை மூன்றாண்டிற்குக் குறையாமல் சேர்த்து வைக்கட்டும். அந்த வீட்டில் தறி ஓடியது என்பதற்கு அவையே சாட்சி. தறி நின்றபின் குழியை மூடிவிட்டால் வேறு சாட்சி கிடையாது.